சீதனத்தோடு வந்த சாமி

மட்டக்களப்பில் பஸ் ஏறிக் கல்முனைக்குப் போகிறவர்கள் வெளியே பார்ப்பார்கள். இடப்பக்கம் தென்னைகளுக்கு அப்பால் கடல், வலப்பக்கம் வாவி. பார்க்கத்தக்கதுதான். நான் பஸ்ஸுக்குள் இருக்கும் கைகளைப் பார்ப்பேன். கல்லடிப் பாலம் கடந்து முதல் கோயில் வந்ததும் பாதிக் கைகள் நெற்றிக்குப் போகும். ஒருவர் போனில் காணிச் சண்டை கதைத்துக்கொண்டிருப்பார். கதை நிற்காது, வசவும் நிற்காது, கை மட்டும் தனியாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வரும். காத்தான்குடியில் நடுவீதி ஈச்ச மரங்களுக்கு அருகே பஸ் ஊரும்போது அந்தக் கைகள் ஓய்வெடுக்கும், வேறு சிலரின் உதடுகள் மெல்ல அசையும். ஆரையம்பதியில் மறுபடி கைகள். களுதாவளைப் பிள்ளையார் பக்கம் வரும்போது, தலையைத் தொங்கப்போட்டு நித்திரை கொள்கிறவர்கூட ஒரு குட்டுப் போட்டுக்கொண்டு நித்திரையைத் தொடர்வார். பெரியகல்லாற்றில் சில விரல்கள் சிலுவை போடும். மருதமுனையில் மீண்டும் உதடுகள். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்கு ஒரு கும்பிடு. நாற்பது கிலோமீற்றர்கூட இல்லாத வீதியில் தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் தெய்வங்கள் ஏறி இறங்குகின்றன. கொண்டக்டர் ஒருவருக்கும் டிக்கெற் கிழிப்பதில்லை.

இந்தக் கைகளில் ஒன்றாவது மூளையிடம் கேட்டுவிட்டு எழும்பியதாக எனக்குத் தெரியவில்லை. என்னுடைய கையும் அப்படித்தான். நான் நாலு புத்தகம் படித்தவன், நாலு மேடையில் பேசியவன். களுதாவளையில் கை ஏன் எழும்புகிறது என்று கேட்டால் பிரணவத்தில் தொடங்கி அரைமணி நேரம் விளக்குவேன். விளக்கம் எனக்கு வந்து சேர்ந்தது நாற்பது வயதுக்குப் பிறகு. கை எழும்பத் தொடங்கியது சரியாக நடக்கப் பழகுமுன். இரண்டு தரிப்பிடம் தள்ளி ஒரு தாய்க்குப் பிறந்திருந்தால் இதே கை இதே வேகத்தில் வேறு வேலை செய்திருக்கும், அதற்கும் நான் அரைமணி நேரம் விளக்கம் வைத்திருப்பேன்.

தாய் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு தாய்வழி வரும். வளவு தாய்வழி வரும், வளவில் நிற்கும் தென்னையும் மாவும் அதோடு வரும். பணிக்கனா குடி, படையாண்ட குடி என்று ஆளுக்கொரு குடி உண்டு, அதுவும் தாயின் வயிற்றுவழிதான். கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, யாருடைய பூசை எந்த நாள் என்பதெல்லாம் குடியைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். இவ்வளவும் அம்மா பக்கத்தால் வரும்போது கடவுள் மட்டும் வேறு பக்கத்தால் வருவாரா? சீதன உறுதியில் எழுதாவிட்டாலும் வீட்டோடும் கிணற்றோடும் அவரும் கைமாறுவார். அப்பா என்பவர் ஒரு பையில் இரண்டு சேர்ட்டும் ஒரு சாரமும் வைத்துக்கொண்டு இன்னோர் ஊரிலிருந்து வந்தவர். அவருடைய சாமிகளும் அந்தப் பைக்குள் அடங்கிய அளவில்தான் வந்தார்கள். வருசப் பிறப்புக்கு அப்பாவின் ஊருக்குப் போனால் அங்கிருந்த சாமியை நாங்கள் மரியாதையாகக் கும்பிடுவோம், விருந்தினர் வீட்டுப் பெரியவரைக் கும்பிடுவது போல. அவரிடம் ஒன்றும் கேட்கமாட்டோம். கேட்டால் தருவாரோ என்று சந்தேகம், தந்தால் எங்கள் சாமி என்ன நினைப்பாரோ என்று பயம்.

எங்கள் வீட்டு வேதாகமம் பெத்தா. அம்மாவின் அம்மா. வாசிக்கத் தெரியாது, ஆனால் எந்தச் சாமி எந்தத் துறைக்குப் பொறுப்பு என்பதில் அவவுக்கு எழுதுவினைஞரின் துல்லியம். பிள்ளையார் தினசரி அலுவல்களுக்கு. கந்தன் பெரிய காரியங்களுக்கு, அதற்கும் கதிர்காமம்வரை நடக்க வேண்டும். பேய், நாவூறு, இராத்திரி அழும் குழந்தை போன்றவற்றுக்கு வைரவர். மாடு காணாமல்போனால் சைவச் சாமிகளைக் கரைச்சல்படுத்துவதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி. பிள்ளை வெருண்டுபோனால் பக்கத்து ஊர் லெப்பையிடம் தண்ணீர் ஓதிக் குடிப்பது. இதில் சைவம் எங்கே முடிகிறது, மற்றச் சமயம் எங்கே தொடங்குகிறது என்று ஒருநாள் கேட்டேன். பெத்தா தயிர்ச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னா:

“இப்ப கும்புடு மனே. மறுகா கேள்வி கேக்கலாம்.”

நானும் அன்றிலிருந்து அந்த ஒழுங்கிலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

கண்ணகை அம்மன் விசயத்தில் மட்டும் பெத்தாவின் குரல் தணிந்துவிடும். எங்கள் பகுதியில் பல ஊர்களில் கண்ணகை அம்மன் கோயிற் கதவு வருசத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். கல்யாணக்கால் நட்டு, வழக்குரை படித்து, கடைசியில் குளுத்தி பாடி அம்மாளைக் குளிரப்பண்ணிக் கதவைச் சாத்துவார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவ, குளிராமல் விட்டால் என்ன நடக்கும் என்று ஊருக்குத் தெரியும். மற்ற ஊர்களில் பிள்ளைகள் கண்ணகியைச் சோதனைக்குப் படிப்பார்கள். எங்களுக்கு அவ கோபக்காரச் சொந்தக்காரி. பாடசாலையில் தமிழ் வாத்தியார் “கண்ணகி சிலப்பதிகாரத்தின் தலைமைப் பாத்திரம்” என்று எழுதிப்போட்டதை வீட்டில் சத்தமாகப் படித்தேன். பெத்தா அகப்பையோடு வந்து, “அம்மாளையா பானை சட்டி எண்டுறான் அந்த மனிசன்?” என்று கேட்டா. அடுத்த மாதம் வாத்தியாருக்குக் கொப்புளிப்பான் போட்டது. பெத்தா ஒன்றும் சொல்லவில்லை, வேப்பிலை மட்டும் கொடுத்தனுப்பினா. இதை நம்புவதா விடுவதா என்று நான் இன்றுவரை முடிவெடுக்கவில்லை. ஆனால் எந்தக் கட்டுரையிலும் கண்ணகியைப் பாத்திரம் என்று எழுதியதில்லை. இங்கே எழுதியதும் வாத்தியாரின் வாயால்தான், அம்மாள் கவனிக்கவும்.

பிறகு அரசாங்கம் வந்தது. இலங்கையில் சமயம் என்பது நம்பிக்கை மட்டுமல்ல, பாடம். முதலாம் ஆண்டில் தொடங்கிச் சாதாரண தரச் சோதனைவரை கட்டாயம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, இஸ்லாமியப் பிள்ளைக்கு இஸ்லாம், பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தம், கத்தோலிக்கருக்கும் மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தனிப் புத்தகம். ஐந்து வயதில் சேர்க்கும் படிவத்தில் சமயம் என்றொரு கூடு இருக்கும். பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை, தாயிடம் கேட்டு நிரப்புவார்கள். கணக்குப் பாடத்தில் ஐந்தும் ஏழும் பன்னிரண்டு என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விடை. சமயப் பாட மணி அடித்ததும் ஒரே வகுப்பு மூன்றாகப் பிரிந்து, மூன்று இடத்தில் மூன்று விடை எழுதி, மூன்றுக்கும் முழுப் புள்ளி வாங்கித் திரும்பி வரும். இப்படியொரு தாராளமான சோதனைப் பகுதியை உலகத்தில் வேறெங்கே காண்பது?

எங்கள் வகுப்பில் சைவப் பிள்ளைகள் அதிகம், ஆகவே நாங்கள் வெக்கை நிறைந்த அறையிலேயே இருப்போம். கத்தோலிக்கப் பிள்ளைகள் வாகை மரத்தடிக்குப் போவார்கள். அங்கே காற்று வரும். அவர்களுக்குப் புனிதர்களின் வர்ணப் படம் கிடைக்கும், எங்களுக்குத் தேவாரம் மனனம். மதமாற்றம் பற்றி வாழ்க்கையில் முதன்முதலாக நான் தீவிரமாகச் சிந்தித்தது அந்த வாகை மரத்தைப் பார்த்துத்தான். அப்போது பாடத்தில் திருநாவுக்கரசர் வந்தார். சைவராகப் பிறந்து, சமணம் போய், தருமசேனர் என்று பெரிய பேரெடுத்து, கடைசியில் சூலை நோய் வந்து அக்கா திலகவதியாரிடம் திரும்பினவர். வயிற்றுவலி அனுப்பிவைத்தது, அக்கா திருநீறு பூசினா, அவ்வளவுதான். இதிலிருந்து நான் கற்றது, அக்கா உயிரோடு இருக்கும்வரை ஒருவன் மதம் மாறுவது கடினம் என்பதே. எனக்கு இரண்டு அக்கா. வாகை மரத்தை மறந்துவிட்டேன்.

சோதனை நெருங்கியபோது அம்மா களுதாவளைப் பிள்ளையாருக்குத் தேங்காய், அந்தோனியாருக்கு மெழுகுதிரி, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு ஒரு காணிக்கை என்று சகல பக்கமும் நேர்ந்து வைத்தா. முடிவு வந்தது. சமயத்தில் அதிதிறமை, கணக்கில் சாதாரண சித்தி. சித்திக்கு யார் பொறுப்பு, அதிதிறமை வராததற்கு யார் பொறுப்பு என்று வீட்டில் பெரிய விசாரணை நடந்தது. நான் படிக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னவர் அப்பா மட்டும். அவர் வேறு குடி.

பின்னாளில் ஜோன் ஸ்ருவார்ட் மில் 1859இல் எழுதிய ‘சுதந்திரம்’ பற்றிய நூலைப் படித்தேன். இலண்டனில் ஒருவனைக் கிறிஸ்தவத் திருச்சபைக்காரனாக ஆக்கும் அதே காரணங்கள் பீக்கிங்கில் அவனைப் பௌத்தனாகவோ கொன்பியூசியக்காரனாகவோ ஆக்கியிருக்கும் என்பது அவர் வாதம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நாளே காத்தான்குடித் தேத்தண்ணிக் கடையில் ஒரு மௌலவி நண்பரிடம் அதை அவிழ்த்துவிட்டேன். அவர் பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “இதை எங்கட இமாம் கஸ்ஸாலி எப்பவோ சொல்லிட்டார்.” உண்மைதான். 1111இல் காலமான கஸ்ஸாலி, கிறிஸ்தவப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவும் யூதப் பிள்ளைகள் யூதர்களாகவும் முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம்களாகவுமே வளர்வதைக் கண்டு, பரம்பரையாக வந்ததில் உறுதியானது எது என்று தேடப் புறப்பட்டவர். மில்லுக்கு ஏழு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தவர்.

நான் தோற்கவில்லை. “கஸ்ஸாலி சொன்னதைவிட, அவர் உங்கட ஆள் எண்டதிலதான் உங்களுக்குச் சந்தோசம்” என்றேன். மௌலவி சிரித்தார். “உங்களுக்கு அந்த வெள்ளைக்காரன் சொன்னதில சந்தோசம். நீங்க மிசன் பள்ளிக்கூடத்தில படிச்சதுதானே?” என்றார்.

தேத்தண்ணிக் காசை நான் கொடுத்தேன்.

கிரேக்கத்தில் செனோபனிஸ் என்றொருவர் இன்னும் முந்தி, கிறிஸ்துவுக்கு ஐந்நூறு வருசத்துக்கு முன்னரே, மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்து படம் கீற முடிந்தால் அவை தம் தெய்வங்களை மாடாகவும் குதிரையாகவும்தான் கீறும் என்றார். எங்கள் வாவி இறாலுக்குக் கை உண்டா என்று யாரும் சரியாகப் பார்த்ததில்லை. இருந்தால் அதன் தெய்வத்துக்கு நீண்ட மீசை நிச்சயம். அது கேட்கும் வரம், மட்டக்களப்பாருக்கு இறாலில் விருப்பமில்லாமல் போக வேண்டும் என்பது. எந்தத் தெய்வமும் கொடுக்க முடியாத வரம்.

இலண்டனும் பீக்கிங்கும் தூரத்து ஊர்கள். அங்கே சாமி வேறென்றால் சாப்பாடும் வேறு, சட்டமும் வேறு. எங்கள் வேடிக்கை அதுவல்ல. இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு சாமியை மட்டும்தான் வேறாக்கிவைத்திருக்கிறோம். ஆரையம்பதிச் சைவப் பெண்ணுக்கும் காத்தான்குடி முஸ்லிம் பெண்ணுக்கும் தாய் தகப்பன் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வர வேண்டும். முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு, பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் என்ற வழக்கமும் இருந்தது. ஆகமத்தில் இது இல்லை, குர்ஆனிலும் இல்லை. முக்குவர் சட்டம் என்று பழைய வழக்குச் சட்டம் ஒன்று இருந்தது, அதுவும் 1876இல் வந்த வாரிசுரிமைச் சட்டத்தோடு நீதிமன்றத்தில் செத்துப்போயிற்று. செய்தி மாமியார்களுக்கு இன்னும் போய்ச்சேரவில்லை. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து, 2008இல் ஒரு தடித்த புத்தகமாக இதையெல்லாம் எழுதினார். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எங்கள் அரசியல்வாதிகள் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் அவித்தெடுக்கும் குழல் மாமியார் கையில் இருப்பதை அந்த அமெரிக்கர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

என் கல்யாணம் வாவிக்கு மறுகரையில். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நான் எழுவான்கரைக்காரன், பெண் மண்டூர்ப் பக்கம். யாழ்ப்பாணத்தார் ஒரு கதை சொல்வார்கள்: மட்டக்களப்புக்கு ஆம்பிளையை அனுப்பினால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், மந்திரம் தெரிந்த சனம் என்று. வேலைக்கு வந்த வாலிபர்கள் இங்கேயே கல்யாணம் முடித்துத் திரும்பிப் போகாததால் உண்டான கதை. மந்திரம் ஒன்றுமில்லை ஐயா. வீடு பெண்ணுடையது, வளவு பெண்ணுடையது, வயல் பெண்ணுடையது, மத்தியானம் நண்டுக் குழம்பு, மேலே எருமைத் தயிர். திரும்பிப் போய் என்ன செய்வது? பாயில் தானாகவே ஒட்டும்.

குருமண்வெளித் துறையில் பாதை ஏறினேன். வாகனங்களையும் மாடுகளையும் மாப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான படகுக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். என் பையில் இரண்டு சேர்ட், ஒரு சாரம், கண்ணாடி போட்ட பிள்ளையார் படம் ஒன்று. மனைவி வீட்டுச் சாமியறையில் நடுவில் முருகன். பிள்ளையாருக்கு ஓரத்தில், சாம்பிராணிப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் முதல் சாமியாக இருந்தவர் அங்கே மூலைச் சாமியானார். தம்பி வீட்டுக்கு வந்த அண்ணன் என்பதால் அவர் பொறுத்துக்கொண்டார். நானும் பொறுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் என் குடியைச் சேர்ந்தவன் நான் ஒருவன்தான். மனைவி, பிள்ளைகள், மாமி, மச்சாள்மார் எல்லாரும் ஒரு குடி. வாக்கெடுப்பு வைத்தால் முடிவு முதலே தெரியும்.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே மந்திரச் சத்தம் கிடையாது. கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் பூசை செய்வார். சங்கும் மணியும் தேவாரமும் காதைப் பிளக்கும் கோயிலில் வளர்ந்த எனக்கு முதலில் பூசை நடக்கிறதா இல்லையா என்றே விளங்கவில்லை. போகப் போக விளங்கியது. சீதன வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு வாயைக் கட்டிச் செய்யும் பூசையைவிடப் பொருத்தமான வழிபாடு எங்கே உண்டு? இன்றைக்கு மண்டூர்ப் பக்கம் திரும்பினாலே என் கை தானாக எழும்புகிறது, வாய் தானாக மூடுகிறது. வளர்ப்பு பத்து வயதோடு முடிந்துவிடுகிறது என்று எழுதுகிறவர்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து பார்த்ததில்லை.

ஆனாலும் பெத்தா போட்ட அத்திவாரம் அசையவில்லை. ஒருமுறை கடைவாய்ப் பல் பிடுங்கப் போனேன். குறட்டைப் பார்த்ததும் வாய் திறந்து வந்த சொல் “பிள்ளையாரே!” வெளியே வாங்கில் இருந்த மனைவிக்குக் கேட்டுவிட்டது. வீடு வரும்வரை கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டா: “இவ்வளவு வருசமா எங்கட முருகன்ட சோத்தத் திண்டுபோட்டு, பல்லுக்கு அவர் போதாதோ?” என் வாயில் பஞ்சு இருந்தது. நல்ல காலம்.

நம்பிக்கைக்கு மட்டும்தான் வளர்ப்பு என்று நினைக்க வேண்டாம். நம்பாமைக்கும் அதுதான். என் தாய்மாமா ஒருவர் பழைய இடதுசாரி. கடவுள் இல்லை என்பதை கையைப் பொத்தி மேசையில் குத்திச் சொல்வார். மாட்டிறைச்சி தொடமாட்டார், கேட்டால் கொலஸ்ரோல் என்பார். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடமாட்டார், கேட்டால் அன்றைக்கு மீன் பழசாம். அவர் வாழ்நாள் முழுவதும் மறுத்தது சிவனைத்தான். சிவன், உமை, விநாயகர், முருகன் என்று குடும்பத்தோடு மறுத்தார். அல்லாஹ்வையோ கர்த்தரையோ ஒருநாளும் மறுத்துப் பேசிக் கேட்டதில்லை. ஏன் மாமா என்று ஒருமுறை கேட்டேன். “அவங்கட ஆக்களிரிக்காங்க மனே, அவங்க மறுத்துக்கொள்ளட்டும். நமக்கென்ன உரித்து?” என்றார். சைவ நாத்திகர். கோயில் நிர்வாகத்தில் குடிச் சண்டை வந்தபோது எங்கள் குடிக்கு முதல் பூசை வேண்டும் என்று உரக்க வாதாடியவரும் அவரே.

எதிர்க்கேள்வி ஒன்று வரும்: பள்ளிக்கூடம் மாற்றிவிடாதா? மிசனரிமார் அப்படித்தான் நம்பினார்கள். மெதடிஸ்தரான வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். கத்தோலிக்கர்கள் 1873இல் புனித மிக்கேல் கல்லூரியைத் தொடங்கினார்கள். இரண்டின் வெற்றிக்கும் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பையன் கல்முனையில் மெதடிஸ்தரிடம் படித்தான், பிறகு மிக்கேலில் யேசு சபையாரிடம் படித்தான், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தான். இரண்டு கிறிஸ்தவ சபையும் சேர்ந்து செதுக்கிய அந்தப் பையன் கடைசியில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி, 1924இல் சுவாமி விபுலாநந்தர் என்று பெயர் பெற்றார். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயம் கட்டினார். விஞ்ஞானம் படித்தவர், ஆங்கிலம் ஆண்டவர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இவ்வளவுக்கும் பிறகு 1947இல், இறப்பதற்குச் சற்று முன், வெளியிட்ட யாழ் நூலுக்கு ஆதாரமாக எதை எடுத்தார்? சிலப்பதிகாரத்தை. காரைதீவில் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. பெத்தாவிடம் சொல்லியிருந்தால், அம்மாள் பிள்ளையை எங்கெங்கோ படிக்க அனுப்பி வேலை முடித்திருக்கிறா என்றிருப்பா. மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

பாடும் மீன் விசயத்திலும் இதே கூத்து. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் ஒரு சத்தம் கேட்கும். எமர்சன் ரெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி கேட்டு, அது மீனல்ல, ஊரி போன்ற சிப்பி வகை என்று, மில்லின் நூல் வந்த அதே 1859இல், எழுதினார். மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்கப் பாதிரியார் லாங் அடிகள் 1950களில் தண்ணீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவுசெய்தார், இலங்கை வானொலியும் ஒலிபரப்பியது. வாலிப வயதில் நாங்கள் மூன்று பேர் ஒரே தோணியில், ஒரே துடுப்பில், முறை வைத்துக் கேட்டோம். எனக்குத் தம்புரா மீட்டுவது போலிருந்தது. கத்தோலிக்க நண்பன் கோயில் ஆர்மோனியம் என்றான். காத்தான்குடி நண்பன் கொஞ்சநேரம் உற்றுக் கேட்டுவிட்டு றபான் மேளம் என்றான். தோணிக்காரர் துடுப்பை வாங்கிக்கொண்டு, “தவளையும் இரிக்கும்” என்றார்.

இந்த வேடிக்கையெல்லாம் எப்போதும் வேடிக்கையாக இருந்ததில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இராத்தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்புக்கு வந்த சின்னப் பிள்ளைகளும் செத்தார்கள். பாடசாலைப் படிவத்தில் அந்தப் பிள்ளைகளின் சமயக் கூட்டை நிரப்பியதும் தாய்மார்தான். இந்த இடத்தில் எனக்குப் பகிடி வராது.

மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். நல்ல படிப்பு. போனில் ஒருநாள் அறிவித்தாள்: “அப்பா, எனக்கு இப்ப சமயம் எண்டு ஒண்டும் இல்ல. தியானம் மட்டும் செய்யிறன்.” நான் சந்தோசப்பட்டேன். ஒருத்தியாவது தப்பினாள். மனைவி போனை வாங்கி, எந்தத் திசை பார்த்து இருந்து செய்கிறாய் என்று கேட்டா. கிழக்கு. எந்த நாளில்? வெள்ளிக்கிழமை, வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு. அன்றைக்குச் சாப்பாடு? மரக்கறிதான், தியானத்துக்கு அதுதான் நல்லதாம். மனைவி போனைத் திருப்பித் தந்துவிட்டு மீன் வெட்டப் போய்விட்டா. அவவின் முகத்தில் கவலை ஒன்றும் இல்லை.

மருமகன் கொழும்பில் வளர்ந்தவர், தாய் கத்தோலிக்கர். பேத்தி பிறந்ததும் மகளும் மருமகனும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: பிள்ளை மீது எந்தச் சமயத்தையும் சுமத்துவதில்லை, பதினெட்டு வயதில் அவளே படித்துத் தெரிவுசெய்யட்டும். சட்டத்தரணி போல அதைத் தெளிவாக எங்களுக்கு எழுதியும் அனுப்பினார்கள். நான் வாசித்துக் காட்டினேன். “நல்ல விசயம், படிக்கட்டும்” என்று மனைவி சொன்னா. பிறகு பிள்ளையை இராத்திரி யார் பார்க்கிறது என்று விசாரித்தா. சம்மந்தி அம்மா மூன்று மாதம் வந்து நின்று போனாவாம், தொட்டிலுக்கு மேலே மாதா படம் ஒன்று தொங்குகிறதாம். மனைவி அடுத்த கிழமையே விசாவுக்கு விண்ணப்பித்தா. பையில் இரண்டு சேலையும் கண்ணாடி போட்ட முருகன் படமும். ஓரத்தில் பிள்ளையாரும் போகிறார், எனக்காக.

பேத்திக்கு இப்போது ஏழு மாதம். கை கூப்ப இன்னும் பழகவில்லை. ஆனால் மகளின் மகள் என்பதால் அவள் என் மனைவியின் குடி, குடியில் பிறந்த பிள்ளைக்குக் கோயில் வரி உண்டு. இந்த ஆவணித் திருவிழாவுக்கு அவள் பெயரில் கட்டியாகிவிட்டது. ரசீது என்னிடம் இருக்கிறது. பெயர், குடி, தொகை மூன்றும் சரி. முகவரிக்கு ரொறன்ரோ என்று எழுத இடம் போதாமல் கோயில் வண்ணக்கர் என் மனைவியின் வளவையே எழுதிவிட்டார்.